பலன்மேல் பற்றில்லாத வேலை: பகாவ் கீதை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கிற தோட்டப்புற ஊர் பகாவ். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் (ரப்பர்) காடு, இப்போது பெரும்பகுதி செம்பனை. இங்கே ஒரு கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூஜை முடிந்ததும் கொஞ்சம் பேர் உட்கார்ந்து பகவத் கீதை படிக்கிறோம். இன்னும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், தோட்டம் கைமாறியபின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்கள், ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள், பேரன் பேத்தி எடுத்த பாட்டிமார்கள் என்று பலரும் வருகிறார்கள். கர்மயோகப் பகுதிக்கு வந்தால் மட்டும் படிப்பு நகராது. கேள்விமேல் கேள்வி வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, வகுப்பில் நான் சொல்லும் பதிலைக் கீழே தருகிறேன்.

கேள்வி: "பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்" என்று கீதையில் எங்கே வருகிறது?

2ஆம் அத்தியாயம், 47ஆவது சுலோகம். "கர்மண்யேவாதிகாரஸ்தே மா பலேஷு கதாசன" என்று தொடங்கும். அதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. வேலை செய்வதில்தான் உனக்கு உரிமை. அதன் பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனை நினைத்தே வேலை செய்கிறவனாக ஆகாதே. வேலை செய்யாமல் இருப்பதிலும் பற்று வைக்காதே.

காலண்டரிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது முதல் இரண்டு பகுதிகள்தான். கடைசிப் பகுதியை அநேகமாக யாரும் அச்சடிப்பதில்லை. அர்ஜுனனுக்கோ அந்த நேரத்தில் அதிகம் தேவைப்பட்டது அந்தக் கடைசிப் பகுதி. அவன் வில்லைப் போட்டுவிட்டு, பிச்சை எடுத்துச் சாப்பிடுவது இதைவிட மேல் என்று சொல்லி உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்புவதற்காகச் சொன்ன வார்த்தையை, நாம் ஆளை உட்காரவைக்கப் பயன்படுத்துகிறோம். அடுத்த சுலோகத்தையும் சேர்த்தே படியுங்கள். கைகூடினாலும் கைகூடாவிட்டாலும் மனம் ஒரே நிலையில் இருப்பதற்குத்தான் யோகம் என்று பெயர் என்கிறது அது.

கேள்வி: எங்கள் வீட்டில் கீதாசாரம் படம் மாட்டியிருக்கிறது. "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது." அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அந்தப் படத்தில் உள்ள வரிகள் கீதையின் 700 சுலோகங்களில் எதற்கும் நேரான மொழிபெயர்ப்பு கிடையாது. மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நான் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் கண்ணன் சொன்னது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதீர்கள். திரௌபதியைக் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்துவந்ததை "நன்றாகவே நடந்தது" என்று கண்ணன் எங்கும் சொல்லவில்லை. நடந்தது அநியாயம் என்று தெரிந்ததனால்தான் அவர் தேர்க்கயிற்றைப் பிடித்தார்.

கேள்வி: பலன் என் கையில் இல்லை என்றால் வேறு யார் கையில் இருக்கிறது?

18ஆம் அத்தியாயம் 14ஆவது சுலோகத்தில் கண்ணன் இதற்குப் பதில் சொல்கிறார். எந்த வேலை நடப்பதற்கும் ஐந்து காரணங்கள் உண்டு: அது நடக்கிற இடமாகிய உடம்பு, செய்கிறவர், கருவிகள், பலவகையான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம்.

பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடிவதற்கு முன் போனால்தான் பால் நன்றாக இறங்கும் என்பது தெரியும், அதற்காக இருட்டிலேயே எழுந்து போவார்கள். உளியைத் தீட்டி வைத்திருப்பார்கள். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுவிடும், மேலாக வெட்டினால் பால் வராது. அந்த அளவு கையிலேயே இருக்கும். எல்லாம் சரியாகச் செய்து முடித்த பிறகு எட்டு மணிக்கு மழை கொட்டினால் பால் பிடிக்கிற மங்கில் இருந்த பால் தண்ணீரோடு போய்விடும். அன்றைக்கு வெட்டிய வெட்டு தப்பா? இல்லையே. நாளைக்கு மழை வரலாம் என்று யாரும் உளியைத் தீட்டாமல் விட்டதும் இல்லை. ஐந்தில் நான்கைச் சரியாகச் செய்துவிட்டு ஐந்தாவதை அதன் போக்கில் விடுவது நம் தாத்தா பாட்டிகள் தினமும் செய்த வேலை.

கேள்வி: சம்பளம் கூட்டிக் கேட்டால் "பலன்மேல் ஆசை வைக்காதே, கீதை படிக்கிறவன்தானே" என்கிறார்கள். நாங்கள் கேட்பது தப்பா?

தப்பே இல்லை. இது எங்கள் வகுப்பில் அதிகம் வருகிற கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கூலி என்பது செய்த வேலைக்கு இன்னொருவர் நமக்குத் தரவேண்டிய பாக்கி. கீதை பேசுகிற பலன்பற்று மனசுக்குள் நடப்பது. கிடைத்தால் தலைகால் புரியாமல் ஆடுவது, கிடைக்காவிட்டால் இடிந்து உட்காருவது, வருமா வராதா என்ற பதற்றத்தில் கையில் இருக்கும் வேலையைக் கோட்டைவிடுவது. சம்பளச் சீட்டில் 50 வெள்ளி (ரிங்கிட்) குறைந்திருந்தால் ஆபீசுக்குப் போய்க் கேட்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்த நாட்டுச் சட்டப்படி 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. சட்டம் கொடுக்கச் சொன்னதை வாங்கிக்கொள்வதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்தச் சுலோகத்தைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். போர் தொடங்குவதற்கு முன் அதே கண்ணன் பாண்டவர்களின் தூதராக அத்தினாபுரம் போனார். பாண்டவர்களுக்கு உரிய பங்கைக் கேட்டார். பாதி ராஜ்ஜியம் இல்லையென்றால் ஐந்து ஊராவது கொடுங்கள் என்ற அளவுக்குப் பாண்டவர் தரப்பு இறங்கி வந்திருந்தது. ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றான் துரியோதனன். "பலனை எதிர்பாராமல் காட்டிலேயே இருந்துவிடுங்கள்" என்று கண்ணன் பாண்டவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பங்கு கேட்டுத் தானே நடந்து போனவர் அவர்.

3ஆம் அத்தியாயத்தில் 12ஆவது, 13ஆவது சுலோகங்களையும் எடுத்துப் பாருங்கள். தனக்குக் கிடைத்ததைத் திருப்பித் தராமல் தானே அனுபவிப்பவன் திருடன். தனக்காக மட்டும் சமைத்துக்கொள்கிறவன் பாவத்தைச் சாப்பிடுகிறான். இவ்வளவு கடுமையான வார்த்தைகள் வேலை வாங்குகிற இடத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். தொழிலாளிக்கு 2.47 சொல்ல வருகிறவர்கள் இந்த இரண்டையும் தமக்குப் படித்துக்கொண்டு வரட்டும்.

நம் தோட்ட வரலாற்றிலேயே பற்றற்ற வேலைக்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். முன்னே நின்றவர்கள் கைதானார்கள், நாடு கடத்தப்பட்டவர்களும் சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. தங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சைக்கிளை விட்டு இறங்காமல் போனது அவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறை. புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய 182ஆம் பாட்டு, இந்த உலகம் ஏன் இன்னும் அழியாமல் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, தமக்கென்று முயலாமல் பிறர்க்கென்று முயல்கிறவர்கள் இருப்பதால்தான் என்று முடிகிறது. அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆகவே இந்தச் சுலோகத்தை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். நம்மிடம் வேலை வாங்கிக்கொண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பவர் நம்மைப் பார்த்துச் சொல்ல அதில் அவருக்கு இடமே இல்லை.

கேள்வி: ஆனால் கண்ணனே இன்னொருவனுக்குத்தானே சொன்னார்?

நல்ல கேள்வி. ஓர் எஸ்பிஎம் பையன் கேட்டது. கண்ணன் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டிக்கொண்டு, அதே போர்க்களத்தில் நின்று சொன்னார். 3ஆம் அத்தியாயம் 22ஆவது சுலோகத்தில், மூவுலகிலும் தான் அடையவேண்டியது ஒன்றுமில்லை, ஆனாலும் வேலையில் ஈடுபட்டிருக்கிறேன் என்கிறார். அர்ஜுனனின் உழைப்பில் அவருக்கு லாபம் எதுவும் கிடையாது. கூடவே வேலை செய்கிறவர், நம் வேலையால் லாபம் அடையாதவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். நாத்தனார்கள் போன் பண்ணி "சேவை செய் அண்ணி, புண்ணியம், எதையும் எதிர்பார்க்காதே" என்கிறார்கள். கேட்டால் எரிச்சல் வருகிறது. நான் கெட்டவளா?

இல்லைம்மா. மேலே சம்பளத்துக்குச் சொன்னதுதான் இங்கேயும். வீட்டில் இந்தச் சுலோகம் பெரும்பாலும் பெண்களுக்கு மட்டுமே சொல்லப்படுகிறது, சொல்கிறவர்கள் டயப்பர் மாற்ற வருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் யார் யார் வருவது என்று கேளுங்கள். அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லாருக்கும் அவர் அம்மா. நீங்கள் பங்கு பிரிக்கக் கேட்பதால் உங்கள் சேவையின் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

தூக்கத்தையும் பாருங்கள். 6ஆம் அத்தியாயத்தில் 16ஆவது சுலோகம், அதிகம் சாப்பிடுகிறவனுக்கும் சாப்பிடாமலே இருப்பவனுக்கும், அதிகம் தூங்குகிறவனுக்கும் தூங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் இல்லை என்கிறது. ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிற ஆளுக்கு எரிச்சல் வருவது உடம்பின் நியாயம். அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், இதில் பற்றில்லாத வேலை எது என்றால்: அவருக்கு ஞாபகம் போய்விட்டது. யார் குளிப்பாட்டுகிறார்கள் என்பதே தெரியாது, நன்றி சொல்லவும் போவதில்லை. அது தெரிந்தும் வெந்நீர் சூடு சரியாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கிறீர்களே, அதுதான். அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: கோயிலுக்காக எத்தனையோ வருடம் உழைத்தேன். திருவிழா அன்று புதிதாக வந்தவருக்குப் பொன்னாடை போட்டார்கள், என்னை மேடைக்குக் கூப்பிடவே இல்லை. மனசு ஆறவில்லை. எப்படி விடுவது?

வலிக்கத்தான் செய்யும். உழைத்தவரைக் கூப்பிட்டு மரியாதை செய்வது நிர்வாகத்தின் கடமை, அவர்கள் தவறியது தவறுதான். பற்றின்மை பேசுகிறோம் என்று அதை மூடி மறைக்க வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கு அப்பரைத் துணைக்குக் கூப்பிடுகிறேன். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர். ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லை உழவாரப்படையால் செதுக்கினார். பதிகம் பாடிய வாய்க்குத்தான் புகழ், ஆனால் அவர் கையில் எப்போதும் இருந்தது புல் செதுக்குகிற கருவி. திருப்புகலூரில் அப்படிச் செதுக்கிக்கொண்டிருந்தபோது மண்ணில் பொன்னும் மணியும் மின்னின என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கோபத்தில் எறியவில்லை, பொன்னை வெறுத்தும் எறியவில்லை. காலில் குத்துகிற கல்லும் அதுவும் அவருக்கு ஒன்று, அடியார்கள் நடக்கிற வழி சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருக்கடம்பூர்ப் பதிகத்தில் அவர் பாடிய இரண்டு வரிகளை எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் மனப்பாடம்:

"தன்கடன் அடியேனையும் தாங்குதல்
என்கடன் பணிசெய்து கிடப்பதே"

இரண்டு கடன்கள் இருக்கின்றன. தாங்குவது அவன் கடன், பணி செய்வது என் கடன். இரண்டாவது வரியை மட்டும் பாடினால் பாரம் முழுவதும் நம் தலையில் ஏறிவிடும், கடைசியில் கசப்பு வரும். நம்மைத் தாங்குவதற்கு ஒருவன் கடமைப்பட்டிருக்கிறான் என்ற நம்பிக்கை முதல் வரியில் இருக்கிறது. பொன்னாடையை எதிர்பார்த்த இடத்தில் அந்த நம்பிக்கையை வைத்துப் பாருங்கள் ஐயா. நாளைக்கே மாறிவிடாது. எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்கிற அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஓரமாகப் பெருக்கத் தொடங்குங்கள். மேடைப் பக்கம் கொஞ்ச நாள் போகாதீர்கள்.

கேள்வி: உபயம் கொடுத்தால் பெயரைப் பலகையில் எழுதுகிறார்கள். விளக்கில்கூடப் பெயர் இருக்கிறது. இது புண்ணியமா, இல்லையா?

கொடுத்தது கொடுத்ததுதான். விளக்கு எரிகிறது, அதன் கீழே பிள்ளைகள் தேவாரம் படிக்கிறார்கள். கீதை தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. கொடுக்க வேண்டும் என்பதற்காகவே, திருப்பிச் செய்ய முடியாதவருக்கு, தகுந்த இடத்திலும் நேரத்திலும் கொடுப்பது சாத்விகம். பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்து, அல்லது மனசில்லாமல் கொடுப்பது ராஜசம். இகழ்ச்சியோடு, தகாத இடத்தில் கொடுப்பது தாமசம். வள்ளுவரும் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிடுகிறது என்று கேட்கிறார். என் கருத்து: பெயர் போட்டாவது கொடுங்கள், கொடுக்காமல் இருப்பதைவிட அது மேல். அடுத்த வருடம் பெயர் போடாமல் ஓர் அன்னதானத்துக்கு அரிசி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். மனசு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறோம். அது பலனுக்காகத்தானே? கீதைப்படி தப்பாகிவிடுமா?

ஆகாது. 7ஆம் அத்தியாயத்தில் தன்னிடம் வருகிறவர்களைக் கண்ணன் நான்கு வகையாகச் சொல்கிறார்: துன்பப்பட்டு வருகிறவர், அறிய விரும்பி வருகிறவர், பொருள் வேண்டி வருகிறவர், ஞானி. ஞானி தனக்கு மிகவும் பிரியமானவர் என்றாலும் இவர்கள் எல்லாருமே உயர்ந்தவர்கள்தான் என்று அடுத்தே சொல்லிவிடுகிறார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்காக அழுதுகொண்டு போகிற அம்மாவைத் திருப்பி அனுப்புகிற தெய்வம் நம்முடையது இல்லை.

கேள்வி: பற்றில்லாமல் செய் என்றால் ஏனோதானோ என்று செய்வதா?

நேர் எதிர். 18ஆம் அத்தியாயம் 26ஆவது சுலோகத்தில் சாத்விகமாக வேலை செய்கிறவரின் அடையாளம் வருகிறது: பற்று இல்லாதவர், "நான் நான்" என்று பேசாதவர், உறுதியும் உற்சாகமும் உள்ளவர், நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாறாதவர். உற்சாகம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

கேள்வி: எஸ்பிஎம்மில் ஏ வாங்க வேண்டும் என்று ஆசைப்படக்கூடாதா?

ஆசைப்படு, நேர அட்டவணை போடு, பழைய கேள்வித்தாள்களைச் செய்து பார். பரீட்சை மண்டபத்துக்குள் போனபிறகு ரிசல்ட்டைப் பற்றி யோசிக்காதே. அந்த நேரத்தில் உன் முன்னால் இருப்பது கேள்வித்தாள் மட்டும்தான்.

பெற்றோருக்கு: இதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரிசல்ட் உங்கள் பிள்ளையின் வேலை கிடையாது.

கேள்வி: சுயதர்மம் என்கிறார்களே. அப்பா பால் வெட்டினார், அதனால் நானும் தோட்ட வேலைதான் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. 3.35இல் வரும் சுயதர்மத்தை, அதாவது தனக்குரிய கடமையை, பழைய உரைகள் பல பிறந்த குலத்தோடு சேர்த்துத்தான் படித்தன. அதை மறைக்க நான் விரும்பவில்லை. நான் அப்படிப் படிப்பதில்லை. 4.13இல் குணத்தையும் செயலையும் வைத்துத்தான் பிரிவு என்று கண்ணன் சொல்லியிருக்கிறார். உன் குணத்துக்கும் திறமைக்கும் ஏற்ற வேலையைத் தேடிப் படித்துப் போ.

அதே நேரம் செம்பனைக் குலை அறுக்கிற வேலையில் இருப்பவர் அதனால் தாழ்ந்தவர் என்று நினைக்காதே. மகாபாரத வனபருவத்தில் தர்மவியாதர் கதை இருக்கிறது. மிதிலையில் இறைச்சி விற்றுக்கொண்டு, வயதான அப்பா அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தவர். தவம் செய்து சக்தி பெற்ற கௌசிகர் என்ற அந்தணர், தர்மம் என்றால் என்ன என்று கேட்டு அவர் கடைக்கு வந்து காத்து நின்றார்.

கேள்வி: இதெல்லாம் சாமியார்களுக்கு. குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சரிப்படுமா?

ஜனகர் ராஜ்ஜியத்தை ஆண்டுகொண்டே செயலாலேயே நிறைவை அடைந்தார் என்று 3.20 சொல்கிறது. ஈசாவாசிய உபநிடதத்தின் 2ஆவது மந்திரம், வேலைகளைச் செய்துகொண்டே நூறு ஆண்டு வாழ விரும்பு என்கிறது.

நம் மாநிலத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவரையும் சொல்ல வேண்டும். சுவாமி சிவானந்தர் 1887இல் திருநெல்வேலிச் சீமையில் பத்தமடையில் பிறந்தவர். 1913இல் டாக்டராக மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்தில் ஒரு தோட்ட மருத்துவமனையில் வேலை செய்தார், பிறகு ஜொகூரில். நம் ஆட்கள் காய்ச்சலோடும் புண்ணோடும் போய் நின்ற அதே மாதிரி மருத்துவமனை. 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார், ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கினார். ஆனால் வைத்தியத்தை விடவில்லை. லட்சுமண் ஜூலாவில் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். பத்துமலையில் இருக்கிற சிவானந்த ஆசிரமம் அந்த வழியில் வந்தது. அவர் விட்டது சம்பளத்தையும் வசதியையும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்வதைத் தோட்டத்திலும் செய்தார், காவி கட்டிய பிறகும் செய்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது, சிரம்பான் நமக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் தூரம்தானே என்று பாட்டிமார்களுக்கு ஒரே பெருமை.

கேள்வி: ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம், வீடு எல்லாம் சேர்த்துவைப்பது பற்றுதானே?

குடும்பத்துக்கு வேண்டியதைச் சேர்ப்பது கடமை. சேர்த்ததைப் பற்றிய கவலையில் தூக்கம் போனால் அங்கே பற்று இருக்கிறது.

கேள்வி: என் மகன் விபத்தில் போய்விட்டான். "பற்றை விடு, அழாதே, ஆத்மாவுக்கு அழிவில்லை" என்று சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை.

அழுங்கள் அக்கா. உங்களிடம் இப்போது யாரும் கீதை பேச வேண்டாம்.

பட்டினத்தாரைவிட எல்லாவற்றையும் விட்டவர் தமிழில் யார் இருக்கிறார்கள்? "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே" என்ற வரியைக் கேட்டுப் பெருஞ்செல்வத்தை உதறிவிட்டுக் கோவணத்தோடு போனவர் என்று சொல்வார்கள். அவர் அம்மா இறந்தபோது வந்து கொள்ளி வைத்தார். அப்போது பாடினார், பத்து மாதம் அங்கமெல்லாம் நொந்து பெற்றவளுக்கா தீ மூட்டுவேன் என்று. "அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே" என்று. தமிழில் அம்மாவுக்காக அழுத பாட்டுகளில் அதற்கு ஈடு இல்லை. அவர் துறவி இல்லை என்று அதற்காக யாரும் சொல்லவில்லை. கம்பர் காட்டுகிற இராமனும் அப்படித்தான். ராஜ்ஜியம் போய்விட்டது, காட்டுக்குப் போ என்று கைகேயி சொன்னபோது அவன் முகம் அப்போது மலர்ந்த செந்தாமரையை வென்றது என்கிறார். அதே இராமன் சீதையைக் காணாமல் காடெல்லாம் அழுதான், ஜடாயுவின் உடம்பைக் கட்டிக்கொண்டு அழுதான். பொருளையும் பதவியையும் விடுவது வேறு. மனிதர்களுக்காக அழுவதைத் தடுக்க நம் பெரியவர்கள் பற்றின்மையைச் சொன்னதில்லை என்றே நான் நம்புகிறேன்.

உங்களால் முடிகிற நாளில் வாருங்கள். மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

கேள்வி: பிள்ளைகளை ஆளாக்கினோம். இப்போது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், போன்கூடப் பண்ணுவதில்லை.

ஏக்கமாக இருக்கிறது என்று அவர்களிடமே சொல்லுங்கள். சொல்லாமல் மனசுக்குள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் போன் வரும்போது முதல் வார்த்தையே குத்தலாக வரும், அப்புறம் அந்த ஒரு போனும் நின்றுவிடும். வளர்த்தது உங்கள் கடமை, அதை முடித்துவிட்டீர்கள். பிள்ளைகள் திருப்பிச் செய்ய வேண்டியது அவர்கள் கடமை, அதை நீங்கள் அவர்களுக்காகச் செய்துவிட முடியாது.

கேள்வி: ஒரு நாள் பற்றில்லாமல் இருக்கிறேன், மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறேன். செய்ததெல்லாம் வீணா?

வீணாகாது என்று கண்ணன் 2.40இல் வாக்குக் கொடுக்கிறார். இதில் தொடங்கிய முயற்சி அழிவதில்லை, இந்த தர்மத்தில் கொஞ்சம் செய்தாலும் பெரிய பயத்திலிருந்து காப்பாற்றும். மனம் அடங்க மாட்டேன் என்கிறது என்று அர்ஜுனனே 6ஆம் அத்தியாயத்தில் முறையிடுகிறான், காற்றைப் பிடிப்பது போலக் கஷ்டம் என்கிறான். சந்தேகமே இல்லை, கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டுதான் கண்ணன் பயிற்சியையும் வைராக்கியத்தையும் (பற்றின்மையையும்) சொல்கிறார்.

கேள்வி: வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கிறவர்கள் தினமும் செய்ய ஏதாவது சின்னதாக இருக்கிறதா?

திருமூலர் நான்கு வழி சொல்கிறார், எல்லாராலும் முடிந்தவை: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, யாரிடமும் ஓர் இனிய வார்த்தை. தாமானில் பசு இல்லை என்றால் நாய்க்கோ பூனைக்கோ வையுங்கள். நான்காவது இலவசம், ஆனால் காலையில் அவசரமாகக் கிளம்புகிற நேரத்தில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

கேள்வி: கீதையை எங்கிருந்து தொடங்குவது? சமஸ்கிருதம் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. பாரதியார் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார், படிக்கக் கடினம் இல்லை. முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறேன் என்று தொடங்குகிறவர்கள் 2ஆம் அத்தியாயத்தின் 72 சுலோகங்களிலேயே களைத்துவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் புதியவர்களுக்கு முதலில் 3ஆம் அத்தியாயம், கர்மயோகம், 43 சுலோகங்கள். அடுத்து 12ஆம் அத்தியாயம், பக்தியோகம், 20 சுலோகங்கள்தான், ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்துவிடும். கூடவே திருக்குறளில் துறவு அதிகாரத்தின் பத்துக் குறளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 2ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பி வந்தால் 47ஆவது சுலோகம் தனியாக நிற்காது, முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்ந்து புரியும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்கள், ஆகவே கண்ணாடி இல்லை என்று யாரும் வராமல் இருக்க வேண்டாம்.